கடல் பின்வாங்கும்வரை காத்திருக்கலாமா? சுனாமி பற்றி மலையக வாசகர்களின் கேள்விகள்

டிசம்பர் 26 தேசிய பாதுகாப்பு தினம். அதையொட்டி சுனாமி பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். மலையகத்திலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கடலைவிட்டு இவ்வளவு தூரத்திலிருந்து இத்தனை கேள்விகளா என்று யாரும் கேட்க வேண்டாம். தோட்டத்துப் பிள்ளைகள் வெள்ளவத்தையிலும் காலியிலும் பாசிக்குடாவிலும் வேலை பார்க்கிறார்கள். கதிர்காமத்துக்கும் கோணேசர் கோயிலுக்கும் போகாத குடும்பம் குறைவு. எழுதியவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: 2004-இல் நிலநடுக்கம் நடந்தது சுமாத்திராவுக்குப் பக்கத்தில். அலை நம் நாட்டுக்கு வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்ததாம். அவ்வளவு நேரம் இருந்தும் ஏன் ஒருவரும் சொல்லவில்லை? (ஹட்டன்)

பதில்: அன்றைய இலங்கை நேரப்படி காலை 6.58-க்குக் கடலடியில் பூமி நடுங்கத் தொடங்கியது. ரிக்டர் என்று பேச்சுவழக்கில் சொல்லும் அளவில் 9.1. ஏறக்குறைய 1,200 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடற்படுக்கை வெடித்து, சில மீற்றர் உயரம் மேலெழும்பியது. அதன் மேலே நின்ற கடல்நீர் முழுவதும் மேலிருந்து அடிவரை அப்படியே தூக்கப்பட்டது. காற்று எழுப்பும் அலை கடலின் மேல்தோலை மட்டும் அசைக்கும். சுனாமி அடிவரை உள்ள நீரையும் அசைக்கும். அதன் பலம் முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

வேகத்தைக் கணக்குப் போடுவது சுலபம். கடலின் ஆழத்தை மீற்றரில் எடுத்து 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் கண்டால், செக்கனுக்கு எத்தனை மீற்றர் என்று வரும். 4,000 மீற்றர் ஆழத்தில் செக்கனுக்கு 198 மீற்றர், அதாவது மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல். 10 மீற்றர் ஆழமுள்ள கரையோரத்தில் மணிக்கு 36 கிலோமீற்றராகக் குறைந்துவிடும். முன்னே போகும் நீர் வேகம் குறைய, பின்னால் வருவது அதன்மேல் ஏறிக் குவியும். நடுக்கடலில் அன்றைய அலையின் உயரம் ஒரு செய்மதி அளந்தபடி 60 சென்ரிமீற்றர் அளவுதான். மீன்பிடிப் படகில் இருந்தவர்கள் பலருக்கு அலை தங்களைக் கடந்துபோனதே தெரியாது. அதே அலை கரைக்கு வந்தபோது வீட்டுக் கூரைக்கு மேலே நின்றது.

காலை எட்டரை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கிழக்குக் கரையை அடித்தது. ஒன்பதரை அளவில் தெற்கே பெரலியவில் ரயிலைப் புரட்டியது. இடையில் ஏன் செய்தி வரவில்லை என்றால், செய்தி அனுப்புவதற்கு இந்து சமுத்திரத்தில் ஓர் அமைப்பே அன்று இருக்கவில்லை. ஹவாயிலுள்ள பசிபிக் எச்சரிக்கை நிலையம் கால் மணித்தியாலத்தில் அறிவித்தல் விட்டது. ஆனால் அது பசிபிக் நாடுகளுக்கானது, அளவும் 8.0 என்று குறைவாகவே மதிப்பிடப்பட்டிருந்தது. கண்டிக்குப் பக்கத்தில், பல்லேகலையில், உலக நிலநடுக்கப் பதிவு வலையமைப்பின் கருவி ஒன்று அப்போதே இருந்தது. பாறையூடாக வரும் அதிர்வு சில நிமிடங்களில் அங்கே வந்து சேரும். ஆனால் பதிவைப் பார்த்து, பொருள் புரிந்து, கல்முனையில் ஒரு கிராம உத்தியோகத்தரின் காதில் போடுவதற்கான வழி எதுவும் போடப்பட்டிருக்கவில்லை. நாட்டில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போனது அந்த இரண்டு மணித்தியாலம் வீணானதால்தான் என்று சொல்லத் தயங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் 2005-ஆம் ஆண்டின் 13-ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. இப்போது அவுஸ்திரேலியா, இந்தியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளின் நிலையங்கள் இந்து சமுத்திரம் முழுவதற்கும் தகவல் தருகின்றன. இங்கே அதைப் பெற்று எச்சரிக்கை விடும் பொறுப்பு வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு. அதை மாவட்டம் மாவட்டமாகக் கொண்டுபோவது அனர்த்த முகாமைத்துவ நிலையம். அதன் அவசர இலக்கம் 117. கையடக்கத் தொலைபேசியில் இன்றே பதிந்து வையுங்கள். மண்சரிவுக்கும் அதே இலக்கம்தான்.

கேள்வி: சுனாமி வருமுன் கடல் உள்வாங்கும் என்று பாடசாலையில் படித்தோம். அதைப் பார்த்துவிட்டு ஓடினால் போதும்தானே? (பதுளை)

பதில்: போதாது. இந்தப் பாடத்தை இலங்கைக்கு ஏற்றபடி திருத்திச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

2004-இல் பிளவின் மேற்குப் பக்கத்தில் கடற்படுக்கை உயர்ந்தது, கிழக்குப் பக்கத்தில் தாழ்ந்தது. அதனால் கிழக்கே தாய்லாந்துக்கு அலையின் பள்ளம் முதலில் போனது. அங்கே கடல் உள்வாங்கியதைப் பார்த்தார்கள். மேற்கே நமக்கு அலையின் மேடு முதலில் வந்தது. முதலில் நீர் ஏறியது, பிறகுதான் கடல் வெகுதூரம் உள்வாங்கியது, அதன் பின்னர் முதலாவதைவிடப் பெரிய அலை வந்தது. பெரலியவில் முதல் நீர் வந்து ரயில் நின்றதும், அக்கம்பக்கத்து மக்களும் உயரமான இடமென்று நினைத்துப் பெட்டிகளில் ஏறினார்கள். அடுத்த அலை பெட்டிகளையே சுருட்டியது. அங்கே மட்டும் 1,700 பேர் வரை இறந்தார்கள் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது.

ஆக, கடல் உள்வாங்கினால் ஓடத்தான் வேண்டும். அதற்காக, உள்வாங்கவில்லையே என்று நிற்கக்கூடாது. வழக்கமில்லாமல் நீர் ஏறினாலும் அதுவே எச்சரிக்கை. இன்னொன்று, நிலம் ஆடுவதை நம்பியும் நாம் இருக்க முடியாது. சுமாத்திராவை ஒட்டிய சிமெலூ தீவில் 1907-இல் வந்த கடல்கோளின் நினைவைப் பாட்டி பேரனுக்குச் சொல்லிச் சொல்லி வந்திருந்தார்கள். 2004-இல் நிலம் ஆடியதும் எல்லோரும் குன்றேறினார்கள். 70,000-க்கு மேற்பட்டவர்களில் இறந்தவர் ஏழு பேர். அவர்களுக்கு அலை வந்து சேர நிமிடக் கணக்கு, கால் உணரும் நடுக்கம் இருந்தது. நமக்கு நேரம் இருக்கிறது, நடுக்கம் இல்லை. அதனால் வெளியிலிருந்து வரும் அறிவித்தல்தான் நமக்கு முதல் கண்.

கேள்வி: நான் ஓர் ஆசிரியை. தரம் 10 பிள்ளைகளைத் திருகோணமலைக்கும் பாசிக்குடாவுக்கும் சுற்றுலா அழைத்துப் போகிறோம். பெற்றோர் பயப்படுகிறார்கள். என்ன முன்னேற்பாடு செய்வது? (பண்டாரவளை)

பதில்: பெற்றோரின் பயத்தைப் பேச்சால் தீர்க்க முடியாது, ஏற்பாட்டால் தீர்க்கலாம். நேரக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். சுமாத்திரா, அந்தமான் பக்கம் நிலநடுக்கம் வந்தால் கிழக்குக் கரைக்கு அலை வர ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலத்துக்குக் குறையாது. முதல் அறிவித்தல் வந்து உங்கள் காதில் விழ அரை மணித்தியாலம் போனதென்றே வைத்துக்கொள்ளுங்கள். மீதி ஒரு மணித்தியாலம். பிள்ளைகளை வரிசையாக நடத்தினால் மணிக்கு நான்கு கிலோமீற்றர். இரண்டு கிலோமீற்றர் உள்ளே போக அரை மணித்தியாலம். நேரம் போதும், பதறத் தேவையில்லை. ஆனால் பையை எடுக்க அறைக்குத் திரும்பினாலோ, பஸ் எங்கே என்று தேடினாலோ, கடலைப் படம் பிடிக்க நின்றாலோ அந்த நேரம் கரைந்துவிடும்.

தங்குமிடத்தை ஒழுங்கு செய்யும்போதே மூன்று விடயங்களைத் தொலைபேசியில் கேளுங்கள்: கடலிலிருந்து எத்தனை மீற்றர், எத்தனை மாடி, பின்பக்கம் களப்பா தரையா. மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. கிழக்கில் கடலுக்கும் களப்புக்கும் இடையில் ஒடுங்கிய மணல்திட்டில் பல ஊர்கள் இருக்கின்றன. அங்கே கடலுக்கு முதுகைக் காட்டி ஓடினால் முன்னே தண்ணீர் நிற்கும். அலை களப்பு வாயாலும் உள்ளே வரும். அப்படிப்பட்ட இடத்தில் தங்குவதாயின் வெளியேறும் வீதி எது, பாலம் எங்கே, நடந்தால் எத்தனை நிமிடம் என்பது போய் இறங்கிய அன்றே தெரிந்திருக்க வேண்டும். வெளியேறும் பாதையைக் காட்டும் சுனாமிப் பலகைகள் கரையோர வீதிகளில் உண்டு. மாலையில் பிள்ளைகளைக் கடற்கரைக்கு விடுமுன், அந்தப் பாதையில் ஒரு தடவை நடத்திக் கூட்டிப்போங்கள். அதுவே ஒத்திகை.

ஓர் ஆசிரியருக்குப் பத்துப் பிள்ளைகள், கையில் பெயர்ப்பட்டியல். ஒருவரின் தொலைபேசியாவது எப்போதும் சார்ஜில் இருக்கட்டும். பற்றரியில் வேலை செய்யும் சிறு ரேடியோவும் எடுத்துப் போங்கள். இக்கட்டில் தொலைபேசி வலையமைப்பு நெரிசலில் விழுந்துவிடும். பஸ் சாரதியிடம் வண்டியின் முகம் வீதியைப் பார்த்தபடி நிறுத்தச் சொல்லுங்கள். வீதி அடைத்திருந்தால் பஸ்ஸில் குந்தியிருக்காமல் இறங்கி நடக்க வேண்டும்.

போக வேண்டிய இலக்கு: கடலிலிருந்து இரண்டு கிலோமீற்றர் உள்ளே, அல்லது கடல்மட்டத்திலிருந்து 30 மீற்றர் உயரம். இரண்டும் எட்டாவிட்டால், தூண்கள் வைத்துக் கொங்கிரீட்டில் கட்டிய உறுதியான கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு மேலே. கீழ்த்தளம் திறந்த வாகனத் தரிப்பிடமாக இருக்கும் கட்டடம் நல்லது, தண்ணீர் தூண்களுக்கு நடுவே போய்விடும். ஓட்டு வீடும் தனிச்சுவர்க் கட்டடமும் ஆகாது. ஒரு கனமீற்றர் கடல்நீர் ஒரு தொன்னுக்கு மேல் நிறை. அது ஓடிவரும்போது சுவர் நிற்காது. முழங்கால் அளவு நீரே வேகமாக வந்தால் வளர்ந்தவரை விழுத்தும். ஆற்று முகத்துவாரம், பாலம், களப்பு ஓரம் பக்கம் போகவே வேண்டாம்.

போய்ச் சேர்ந்த பிறகுதான் பலர் தவறுகிறார்கள். ஒரு அலை வந்து போனதும் முடிந்துவிட்டதென்று இறங்குகிறார்கள். ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையில் பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணித்தியாலம் வரை ஆகலாம். பல மணித்தியாலம் தொடரும். எச்சரிக்கை நீக்கப்பட்டதாக உத்தியோகபூர்வமாக அறிவிக்கும்வரை பிள்ளைகள் மேலேயே இருக்க வேண்டும். தண்ணீரும் பிஸ்கட்டும் ஒரு பையில் தயாராக இருந்தால் அவர்களை அமர்த்தி வைப்பது எளிது.

யாருக்காவது காயம் பட்டால் ஒன்றை மறக்க வேண்டாம். சேறு கலந்த கடல்நீரில் பட்ட வெட்டை உடனே தைத்து மூடினால் உள்ளே சீழ்பிடிக்கும். 2004-இல் தாய்லாந்தில் வைத்தியர்கள் இதை நிறையக் கண்டார்கள். சுத்தமான நீரால் நன்றாகக் கழுவி, தளர்வாகக் கட்டி, ஏற்பூசி போடக் கொண்டுபோங்கள்.

கேள்வி: மகன் வெள்ளவத்தையில் ஒரு கடையில் நிற்கிறான். கடைக்குப் பின்னால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். கொழும்புக்கும் சுனாமி வருமா? (மஸ்கெலியா)

பதில்: வரும். கிழக்கிலிருந்து வரும் அலை தீவைச் சுற்றி வளைந்து மேற்குக்கும் வருகிறது. 2004-இல் மொறட்டுவையும் பாணந்துறையும் பாதிக்கப்பட்டன. பாகிஸ்தான், ஈரான் கரைக்கு அப்பாலுள்ள மக்ரான் பிளவும் இருக்கிறது. 1945 நவம்பரில் அங்கே 8-க்கு மேற்பட்ட நிலநடுக்கமும் கடல்கோளும் வந்தன. அங்கிருந்து கொழும்புக்கு வர மூன்று மணித்தியாலத்துக்கு மேலாகும்.

மகனுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: எச்சரிக்கை என்றால் கடையைப் பூட்டிக்கொண்டிருக்காமல் காலி வீதியைக் கடந்து உள்ளே நட, ரயில் பாதை வழியே நடக்காதே, கால்வாய் ஓரம் நிற்காதே, நேரம் குறைவென்றால் உயர்ந்த கட்டடம் ஒன்றில் ஏறு. வீட்டுக்கு அழைப்பு எடுத்துக்கொண்டு நிற்க வேண்டாம், ஒரு குறுஞ்செய்தி போதும் என்று நீங்களே அவனிடம் சொல்லி வையுங்கள், அம்மா.

கேள்வி: எங்கள் ஊரின் கீழே மேல் கொத்மலை நீர்த்தேக்கம். நிலநடுக்கம் வந்தாலோ மலை சரிந்து நீருக்குள் விழுந்தாலோ அங்கேயும் சுனாமி எழும்புமா? (தலவாக்கலை)

பதில்: இந்தக் கேள்வி எல்லோருக்கும் முன்பாக மலையகத்தாருக்குத்தான் வர வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

தொலைவில் நடக்கும் நிலநடுக்கம் ஏரி நீரை ஆட்டலாம். 1755-இல் லிஸ்பன் நகரை அழித்த நிலநடுக்கத்தின்போது ஸ்கொட்லாந்தின் லோமண்ட் ஏரி நீர் ஏறி இறங்கியது. ஆனால் கடலில்போல ஒரு பெருஞ்சுனாமி எழும்ப, அடித்தரையே பெரிய அளவில் வெடித்து உயர வேண்டும். அது பூமியோட்டின் இரண்டு தட்டுகள் முட்டும் எல்லையில் நடப்பது. நம் மலைகளின் கீழே அப்படிப்பட்ட எல்லை இல்லை. 2020 ஆகஸ்ட் 29 இரவு கண்டிப் பக்கம் உணரப்பட்ட அதிர்வுபோன்றவை சிறியவை.

மலை சரிந்து விழுவது வேறு கதை. அது நடந்திருக்கிறது. இத்தாலியில் வையோன்ட் என்ற 262 மீற்றர் உயர அணைக்குப் பின்னால், 1963 ஒக்டோபர் 9 இரவு, ஒரு மலைச்சரிவு முழுவதும் ஒரேயடியாக நீர்த்தேக்கத்துக்குள் இறங்கியது. ஏறக்குறைய 26 கோடி கனமீற்றர் பாறையும் மண்ணும். எவ்வளவென்று விளங்க ஒரு கணக்கு: உங்கள் மேல் கொத்மலைக்குக் கீழே ஆற்றில் உள்ள பெரிய கொத்மலை நீர்த்தேக்கம் நிரம்பி வழியும்போது கொள்ளும் நீர் 17 கோடி கனமீற்றர் சொச்சம். விழுந்தது அதைவிட அதிகம். இடம்பெயர்ந்த நீர் அணைக்கு மேலால் எழும்பிக் கீழே பள்ளத்தாக்கில் விழுந்தது. ஏறக்குறைய 2,000 பேர் இறந்தார்கள். அணை உடையவில்லை, இன்றும் நிற்கிறது. அணை உறுதியாக இருந்தால் போதும் என்ற எண்ணம் அன்றோடு பொய்த்தது. அலாஸ்காவின் லிற்றூயா குடாவில் 1958-இல் பாறை சரிந்து எழுந்த நீர், எதிர் மலையில் 524 மீற்றர் உயரம்வரை மரங்களை உரித்துக்கொண்டு போனது.

இவ்வளவையும் சொன்னது பயமுறுத்த அல்ல. அலையின் அளவு மூன்றைப் பொறுத்தது: விழும் மண்ணின் அளவு, அது நீரைத் தொடும் வேகம், விழுமிடத்தின் ஆழம். ஓரத்தில் சிறு மண்திட்டு சரிந்தால் எதிர்க்கரையில் கொஞ்சம் நீர் ஏறும், அவ்வளவே. கவனிக்க வேண்டியது பெரிய, ஆழமான, மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும் சரிவை. நீர்மட்டம் வேகமாக இறங்கும்போது கரைச் சரிவுகள் கூடுதலாக நகரும். மண்ணுக்குள் ஊறிய நீர் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே அழுத்திக்கொண்டிருக்க, வெளியிலிருந்து முட்டுக்கொடுத்த நீர் போய்விடுவதே காரணம். அணை கற்களால் நிரப்பிக் கட்டியதா, கொங்கிரீட்டா என்பதும் முக்கியம். கீழேயுள்ள அந்தக் கொத்மலை அணை 87 மீற்றர் உயரக் கல்நிரப்பு அணை. இவ்வகை அணைகளின் மேலால் நீர் வழிந்தால் அரித்துவிடும். அதனால்தான் நீர்மட்டத்துக்கும் அணை உச்சிக்கும் இடையில் உயரம் விட்டு, வான்கதவுகளும் வைக்கிறார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது: கரையோரச் சரிவில் நீளமாக வெடிப்பு ஓடினால், மரங்களோ மின்கம்பங்களோ ஒரே பக்கம் சாய்ந்தால், வீட்டுக் கதவு திடீரென்று இறுகினால், காய்ந்த இடத்தில் ஊற்று புறப்பட்டாலோ பீலியில் சேற்றுநீர் வந்தாலோ, அன்றே கிராம உத்தியோகத்தருக்கும் 117-க்கும் சொல்லுங்கள். இடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார். வெடிப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, நடுத்தூரத்தை நாளுக்கொரு தடவை அளந்து கொப்பியில் எழுதி வைத்தால் அவர்களுக்குப் பெரிய உதவி. அணையின் சைரன் ஒலித்தால் அணைக்குக் கீழே ஆற்றில் குளிப்பவர்களும் துவைப்பவர்களும் துணியை விட்டுவிட்டு மேடேற வேண்டும்.

கேள்வி: அக்கா கல்முனையில் திருமணம் முடித்திருக்கிறார். சுனாமிக்குப் பிறகு அங்கே சில கிணறுகள் சீக்கிரம் சரியாகிவிட, சில கிணறுகள் இறைக்க இறைக்க உவர்த்ததாம். ஏன்? (நாவலப்பிட்டி)

பதில்: இறைத்ததால்தான். கரையோர மணலுக்குள் மழைநீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே கொஞ்சம் குறைத்தாலும் அடியிலுள்ள உவர்நீர் அதைப்போல் பல மடங்கு மேலே வரப் பார்க்கும். 2004-க்குப் பிறகு நல்ல மனதோடு வந்தவர்கள் பலர் மோட்டார் வைத்து, ஒரே கிணற்றைத் திரும்பத் திரும்ப வற்ற இறைத்தார்கள். இறைத்த நீரைக் கிணற்றடியிலேயே விட்டார்கள், அது மணலூடாக மறுபடி உள்ளே போனது. சில இடங்களில் வளையங்களும் இடிந்தன.

சரியான முறை இது: குப்பையையும் சேற்றையும் எடுத்து, சிறு பம்பியால் மெதுவாக ஒரே தடவை இறைக்க வேண்டும், முழுதாக வற்றவிடக் கூடாது, நீரைக் குழாய் வைத்துத் தூரத்தில் தாழ்ந்த பக்கம் விட வேண்டும். பிறகு கிணற்றை விட்டுவிட வேண்டும். உப்பைக் கழுவுவது மழைதான். ஒன்றோ இரண்டோ வடகீழ்ப் பருவமழை பெய்தால் பெரும்பாலான கிணறுகள் மாறும். அதுவரை குடிநீர் பவுசரில் வரவேண்டும். கொதிக்க வைத்தாலும் குளோரின் போட்டாலும் உப்புப் போகாது. கொதிக்கக் கொதிக்க உப்பு இன்னும் செறியும்.

கிருமிக்குத்தான் குளோரின். குறுக்களவு ஒன்றரை மீற்றர், நீர் இரண்டு மீற்றர் ஆழம் என்றால் கிணற்றில் ஏறக்குறைய 3,500 லீற்றர். ஆயிரம் லீற்றருக்கு 170 கிராம் வெளிற்றும் தூள் என்ற கணக்கில் 600 கிராம் வேண்டும். தூளை நேரே கொட்டாமல் பிளாஸ்ரிக் வாளியில் கரைத்து, அடியில் சுண்ணாம்பு படிந்ததும் தெளிவை மட்டும் ஊற்றிக் கலக்குங்கள். பன்னிரண்டு மணித்தியாலம் யாரும் அள்ளக்கூடாது. பிறகு மணம் குறையும்வரை கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி வெளியே விட வேண்டும். பல நாள் திறந்துகிடந்த தூளில் வீரியம் போயிருக்கும், புதிய பொதி வாங்குங்கள். வெள்ளமும் மண்சரிவும் வந்த பிறகு நம் தோட்டங்களில் பீலித் தண்ணீர் சேரும் தொட்டியையும் இதே அளவில் சுத்தம் செய்யலாம். உப்புக் கவலை நமக்கில்லை.

கேள்வி: கண்டல் காடும் பவளப்பாறையும் இருந்தால் சுனாமி நிற்குமா? (மாத்தளை, மாணவி)

பதில்: நிற்காது, தணியும். ஹிக்கடுவையில் பாறை பழுதில்லாமல் இருந்த பகுதியில் அலை இரண்டு மூன்று மீற்றராக வந்து 50 மீற்றர் அளவே உள்ளே போனது. அங்கிருந்து மூன்று கிலோமீற்றர் வடக்கே, சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டியெடுத்த பெரலியப் பக்கத்தில், ஏறக்குறைய 10 மீற்றர் அலை ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே போனது. யாலவில் மணற்குன்றுகள் இருந்த இடங்கள் தப்பின. காட்சிக்காகக் குன்றை வெட்டிக் கட்டிய இடத்தை நீர் துடைத்தது. கண்டல் வேர்கள் வேகத்தைத் தணிக்கும், அடித்துச் செல்லப்படுபவர்களுக்குப் பிடிமானமாகும். ஆனால் மெல்லிய ஒற்றை வரிசை மரங்கள் முறிந்து, அவையே மிதந்து வந்து அடிக்கும். காட்டை நட்டுவிட்டோம், இனி வெளியேறத் தேவையில்லை என்று எந்த ஊரும் நினைக்கக்கூடாது.

கேள்வி: அனர்த்தத்தில் இறந்தவர்களின் உடல்களால் தொற்றுநோய் பரவும் என்று அவசரமாக மொத்தமாகப் புதைக்கிறார்களே, அது சரியா? (அப்புத்தளை)

பதில்: சரியல்ல. நீரிலும் மண்ணிலும் அடிபட்டு இறந்தவர்கள் நோயால் இறந்தவர்கள் அல்ல. அவர்களின் உடல் ஊருக்குத் தொற்றைக் கொண்டுவருவதில்லை. உலக சுகாதார அமைப்பு இதைப் பலமுறை சொல்லியிருக்கிறது. நோய் வருவது உயிரோடு இருப்பவர்களின் மலசலகூடமும் குடிநீரும் கலப்பதால். முகாமில் முதல் கவனம் அங்கேதான் போக வேண்டும்.

அவசரப் புதைப்பு பறிப்பது வேறொன்றை. 2004-இல் யாரென்று பதியாமல் புதைத்ததால் எத்தனையோ குடும்பங்களுக்கு இன்றுவரை ஒரு சமாதி இல்லை, மரணச் சான்றிதழுக்கு அலைந்தார்கள், கருமாதி செய்யவும் மனம் வரவில்லை. உடலைத் தொடுமுன் ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம், முகத்தையும் உடையையும் நகையையும் தழும்பையும் காட்டும் படங்கள், எடுத்த இடம், நேரம். இவ்வளவும் ஒரு தொலைபேசியால் முடியும். அடையாளம் காண முடியாவிட்டால், தகனம் செய்யாமல், பின்னர் தோண்டி எடுக்கக்கூடியபடி ஒவ்வொருவராக வரிசையில் அடக்கி இலக்கப் பலகை நட வேண்டும். கையுறையும் பூட்ஸும் போட்டு, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவினால் வேலை செய்பவர்களுக்குப் போதிய பாதுகாப்பு.

கேள்வி: 2012-இல் சுனாமி என்று சனத்தை ஓட வைத்தார்கள், ஒன்றும் வரவில்லை. இங்கேயும் சிவப்பு எச்சரிக்கை என்று லயத்தைவிட்டு இறக்குகிறார்கள், பல தடவை ஒன்றும் நடப்பதில்லை. எதை நம்புவது? (லிந்துலை)

பதில்: 2012 ஏப்ரல் 11 பிற்பகல் 2.08-க்கு வந்தது 8.6 அளவு நிலநடுக்கம். அது பெரியதுதான். ஆனால் கடலடிப் பாறை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பக்கவாட்டில் உரசி நகர்ந்தது. கடற்படுக்கை பெரிதாக உயராததால் நீரும் பெரிதாக உயரவில்லை. எந்த வகை அசைவு என்பது உறுதியாகத் தெரியவும், கடலிலுள்ள மிதவைகளும் கரையோர நீர்மட்ட அளவிகளும் சொல்லவும் நேரம் எடுக்கும். அதுவரை காத்திருந்தால் வெளியேற நேரம் இராது. அன்று சனத்தை நகர்த்தியது சரியான முடிவு.

மண்சரிவு எச்சரிக்கையும் அப்படியே. மஞ்சள் என்றால் அவதானம், செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தம், சிவப்பு என்றால் வெளியேற்றம். எந்தச் சரிவு எந்த நிமிடத்தில் இறங்கும் என்று எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது; எவ்வளவு மழைக்கு இறங்கக்கூடும் என்றுதான் சொல்லலாம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தபோது, அது ஆபத்தான இடமென்று முன்னரே சொல்லப்பட்டிருந்தது. சனம் அலட்சியமாக இருந்ததென்று சொல்லிவிட்டுப் போக முடியாது. போவதற்குச் சொந்தமாக ஓர் அங்குலம் காணி இல்லாதவர்களிடம் வெளியேறு என்றால் அவர்கள் எங்கே போவது? பாதுகாப்பான இடத்தில் காணியும் வீடும் கொடுக்காமல் எச்சரிக்கை மட்டும் கொடுப்பது பாதி வேலை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் நடந்த அழிவுக்குப் பிறகும் இதே கேள்வி நிற்கிறது. இந்தக் கோரிக்கையைக் கைவிடாதீர்கள். அதேநேரம் சிவப்பு என்றால் அன்றிரவு லயத்தில் படுக்காதீர்கள்.

எச்சரிக்கை வருமுன்பே உங்களுக்குத் தெரிய ஒரு வழி உண்டு. பொதுவாகக் கொள்ளும் அளவு: 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றர் தாண்டினால் அவதானம், 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், வெளியேற வேண்டும். தோட்டக் காரியாலயத்தில் மழைமானி இருந்தால் தினமும் அளவைக் கேட்டு லயத்துச் சுவரில் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்களே செய்யலாம். பக்கம் நேராக இருக்கும் பெரிய பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றின் கழுத்துப் பகுதியை வெட்டி, தலைகீழாகப் புனல்போல் அதிலேயே செருகுங்கள். அடி வளைந்திருப்பதால் கணக்குப் பிழைக்கும். அதற்காக அடியில் கூழாங்கல்லும் கொஞ்சம் சீமெந்தும் போட்டு மட்டமாக்கி, அங்கே பூச்சியக் கோடு கீறி, அதிலிருந்து மேலே மில்லிமீற்றர் அடிமட்டம் ஒன்றை ஒட்டுங்கள். வாயும் உடலும் ஒரே அகலமாக இருந்தால் கோட்டில் பார்ப்பதுதான் மழையளவு. கூரையோ மரமோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளித் திறந்த இடத்தில், காற்றுக்கு விழாதபடி நான்கு செங்கல்லுக்கு நடுவே வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு வாசித்து எழுதிவிட்டு வெறுமையாக்குங்கள். அடைமழையில் மூன்று மணித்தியாலத்துக்கொரு தடவை பாருங்கள், இரவிலும் யாராவது ஒருவர் பார்க்க முறை வையுங்கள். பல நாளாக விடாமல் பெய்து மண் ஊறியிருந்தால் 150 வரும்வரை நிற்க வேண்டாம், 100-லேயே பிள்ளைகளையும் வயதானவர்களையும் பாடசாலைக்கோ கோயில் மண்டபத்துக்கோ அனுப்பிவிடுங்கள். அந்தக் கட்டடம் வேறொரு சரிவின் கீழே இல்லை என்பதை மழையில்லாத ஒரு நாளில் பார்த்து வையுங்கள்.